மூன்றாம் வருஷத்தின் முதல் நாள்

“ரெண்டு வருஷம், பாக் நயிப். அதுக்கு மேல ஒரு நாள்கூட எந்த ஆம்பளைக்காகவும் நான் காத்திருக்க மாட்டேன். அவர் மாஸ்கோவுக்குப் போனாலும் சரி, அங்கேருந்து ராக்கெட் ஏறி சந்திரனுக்குப் போனாலும் சரி. மூணாம் வருஷத்தோட முதல் நாள் காலையில உங்க ஆபீஸ் வாசல்ல நிப்பேன்.”

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டில், சோலோ நகரத்தில், தன் கல்யாணத்தில் மணப்பெண்ணாக உட்கார்ந்துகொண்டு பொனிரா இதைச் சொன்னாள். மணப்பெண் என்றால் தலை குனிந்து, கண்ணைத் தாழ்த்தி, தனக்கும் நடக்கிற விசேஷத்துக்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல இருக்க வேண்டிய ஊர் அது. பொனிராவோ இன்னொரு நாட்டுக்குக் கெடு வைக்கும் வல்லரசைப் போலப் பேசினாள். பந்தலில் இருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மாப்பிள்ளை ஜத்மிகோவுக்கு எதுவும் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. அவன் கையில் இருந்த காகிதத்தை இன்னும் படித்துக்கொண்டிருந்தான்.

அந்தக் காகிதத்தால் வந்த பேச்சுதான் இது. நிக்காஹ் முடிந்த கையோடு மாப்பிள்ளை எல்லோர் முன்னாலும் ஒரு வாக்குக் கொடுக்க வேண்டும். இவளைத் தொடர்ந்து இரண்டு வருஷம் நான் விட்டுப் போய்விட்டால், அது தனக்குச் சம்மதமில்லை என்று இவள் நயிப்பிடம் வந்து முறையிட்டால், அத்தோடு என் தலாக் இவள்மேல் விழும், இவள் விடுதலை. மற்ற மாப்பிள்ளைகள் இதைச் சோறு ஆறுவதற்குள் மடமடவென்று ஒப்பித்துவிட்டு எழுந்துவிடுவார்கள். ஜத்மிகோ ஒவ்வொரு சொல்லாக, அது தன் எடையைத் தாங்குமா என்று காலால் அழுத்திப் பார்த்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகிறவனைப்போல, படித்தான். இத்தனைக்கும் அடுத்த வாரம் ரஷ்யாவுக்குக் கிளம்பும் பயணச்சீட்டு அவன் சட்டைப் பையில் இருந்தது. பாலம் கட்டும் படிப்பு; ஐந்து வருஷம். வாக்கை மீறப்போகும் தேதியைப் பையில் வைத்துக்கொண்டே வாக்குக் கொடுப்பதை அரசாங்கங்கள் தினமும் செய்யும். தனி மனிதர்களில் அவன்தான் முதல்.

கல்யாணங்களை நடத்திப் பதிந்துகொள்ளும், ஊரே மரியாதையாகப் பாக் என்று கூப்பிடும் நயிப் முக்சினுக்கு மனசு உறுத்தியது. “மாப்பிள்ளை போறது அஞ்சு வருஷம், மகளே. இதுல ரெண்டுன்னு இருக்கு. யோசிச்சியா?” என்று கேட்டார். அதற்குத்தான் பொனிரா மேற்படி பிரகடனத்தை வெளியிட்டாள்.

“சரி, வாசலைப் பெருக்கி வைக்கறேன்,” என்றார் நயிப்.

ஜத்மிகோ கடைசி வரியையும் முடித்துவிட்டு நிமிர்ந்தான். “ரெண்டாம் வருஷம் லீவு உண்டுன்னு சொல்லியிருக்காங்க,” என்றான்.

“யாரு சொன்னது?” என்று கேட்டாள் பொனிரா.

“அதைத்தான் விசாரிக்கணும்.”

பொனிராவுக்குக் காத்திருக்கத் தெரியாது என்பது சோலோவில் எல்லோரும் அறிந்த செய்தி. அந்தக் கல்யாணமே அதனால் நடந்ததுதான். படிப்பை முடித்துவிட்டு வந்து கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று ஜத்மிகோ கேட்டபோது, “அஞ்சு வருஷம் கல்யாணத்துக்கு யாரு காத்திருக்கறது? இப்பவே பண்ணிக்கலாம்,” என்றாள். ஐந்து வருஷம் கல்யாணத்துக்குக் காத்திருப்பதற்குப் பதிலாக ஐந்து வருஷம் கணவனுக்குக் காத்திருப்பது எந்த விதத்தில் சிக்கனம் என்று அவளிடம் கேட்கும் தைரியம் யாருக்கும் இருக்கவில்லை.

துணிச் சந்தைக்குப் பின்னால் அவளுக்கு ஒரு கடை இருந்தது. ஊர்வலங்களுக்கும் கூட்டங்களுக்கும் பதாகை தைத்து எழுதிக் கொடுக்கும் கடை. டச்சுக்காரன் இருந்த காலத்தில் இப்படி ஒரு தொழில் கிடையாது, ஊர்வலம் போனால் சிறைதான். அவன் மூட்டை கட்டியதும், தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்திருந்த ஊர்வலங்களெல்லாம் ஒரே நேரத்தில் தெருவுக்கு வந்துவிட்டன. சுதந்திர தேசத்தில் அரிசிக்குத் தட்டுப்பாடு இருந்தது, மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு இருந்தது, பதாகைக்கு மட்டும் ஒருநாளும் குறைவு வந்ததில்லை. காலையில் இளைஞர் சங்கம் வந்து அமெரிக்கா ஒழிய வேண்டும் என்று எழுதச் சொல்லும். மாலையில் அமெரிக்க நூலகத்தில் ஆங்கிலம் படிக்கிறவர்கள் வந்து ஆண்டு விழாவுக்கு எழுதச் சொல்வார்கள். இரண்டுக்கும் ஒரே நீலச் சாயம்தான், ஒரே கஞ்சிதான். ரஷ்யாவை வாழ்த்துகிறவர்களுக்கும் வைகிறவர்களுக்கும் அவள் ஒரே நாளில் சரக்குக் கொடுத்தாள். அணிசேராக் கொள்கைக்காகப் பாண்டுங்கில் மாநாடு கூட்டிப் பெரிய தலைவர்களெல்லாம் பேசினார்கள் என்பது உண்மைதான். ஆனால் அதைக் கடன் சொல்லாமல், முன்பணத்தோடு நடத்திக் காட்டியவள் பொனிரா ஒருத்தி.

அவளுடைய புகழுக்குக் காரணம் எழுத்தழகல்ல. எழுத்து சுமார்தான். நாளை என்றால் நாளை. புரட்சியே தள்ளிப்போனாலும் பதாகை தள்ளிப்போகாது.

கல்யாணத்துக்கு முன்னால் இந்தக் கடைக்குத்தான் ஒருநாள் ஜத்மிகோ வந்தான். ரஷ்யாவிலிருந்து வரும் விருந்தாளி ஒருவரை மாணவர்கள் வரவேற்க ஒரு பதாகை வேண்டும். எழுத்துக்கு நடுவே எவ்வளவு இடம் விடலாம் என்று அவன் துணியைத் தரையில் விரித்து, இந்தப் பக்கம் நின்று பார்த்தான், அந்தப் பக்கம் நின்று பார்த்தான், குந்தி உட்கார்ந்து பார்த்தான்.

“விருந்தாளி ஊருக்குத் திரும்பிப் போயிடுவார்,” என்றாள் பொனிரா.

“போனா வழியனுப்பறோம்னு எழுதிக்கலாம்,” என்றான் ஜத்மிகோ, தலையைத் தூக்காமல்.

அவளுக்குக் கோபம் வந்தது. பக்கத்தில் தேங்காய்ப்பால் சோறு விற்கும், அவள் அக்கா முறையில் யூ என்று கூப்பிடும் கினாவிடம் டீ வாங்கி வரச் செய்து, அதையாவது குடித்துவிட்டுப் போகட்டும் என்று அவன் முன்னால் வைத்தாள். அது இன்னும் மோசமாகப் போயிற்று. அவன் டீயைத் தட்டில் ஊற்றி, ஆவி போவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஊதவில்லை, பார்த்துக்கொண்டிருந்தான். ஆவி தீர்ந்ததும் ஒரு வாய். பிறகு மறுபடி கொஞ்சம் ஊற்றி, மறுபடி பார்த்துக்கொண்டிருந்தான். அந்த மத்தியானம் பொனிராவின் தையல் மிஷின் நின்றுபோயிருந்தது என்பதைக் கினா கவனித்தாள். பொனிரா கவனிக்கவில்லை.

அவன் கப்பலேறிய பிறகு கடிதங்கள் வந்தன. எல்லாமே பருவம் தப்பி வந்தவை. பனி கொட்டுகிறது என்று எழுதியது இங்கே வந்து சேரும்போது அங்கே பூப்பூத்திருக்கும். ஒரு கடிதம் முழுக்க ஓர் ஆற்றின்மேல் பனிக்கட்டி எப்படி உடைகிறது என்பதைப் பற்றியே இருந்தது. பொனிரா அதைக் கினாவிடம் படித்துக் காட்டிவிட்டு, “கட்டினவளுக்கு எழுதற லட்சணத்தைப் பாருங்க, யூ கினா. ஐஸ் உடையறதை நாலு பக்கத்துக்கு எழுதியிருக்கார். நம்ம சந்தையில ஐஸ்காரன் ஒரு தட்டுல உடைச்சுட்டுப் போறான்,” என்றாள்.

“அப்போ இதை நாலாம் தடவை ஏன் படிச்சுக் காட்டறே?” என்று கேட்டாள் கினா, வாழை இலையை மடித்தபடி.

இரண்டு வருஷம் வந்தது. லீவு வரவில்லை. தேசத்திடம் டாலர் இல்லை, ரூபிளும் இல்லை, ஆகையால் மாணவர்கள் இருந்த இடத்திலேயே இருந்து தாய்நாட்டை நேசிக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. மூன்றாம் வருஷத்தின் முதல் நாள் காலை நயிப் முக்சின் தன் வாசலைப் பெருக்கி, தண்ணீர் தெளித்து வைத்திருந்ததாகச் சொல்வார்கள். பொனிரா வரவில்லை. அந்தச் சமயம் பார்த்து அரசாங்கம் பக்கத்து நாட்டுடன் சண்டை அறிவித்திருந்தது. பிரிட்டிஷ்காரன் பொம்மை ஆட்டுகிறான் என்று ஊரெல்லாம் கொதித்தது. தினம் ஊர்வலம். கடையில் துணி கூரையைத் தொட்டது.

“ஏகாதிபத்தியத்தை ஒழிச்சுட்டு வந்துடறேன், பாக் நயிப்,” என்று வழியில் பார்த்தபோது சொன்னாள். “வெள்ளிக்கிழமைக்குள்ள ஒழிக்கணும்னு ஆர்டர் இருக்கு.”

“மெதுவா வா, மகளே. நான் எங்க போகப்போறேன்?”

ஏகாதிபத்தியம் வெள்ளிக்கிழமை ஒழியவில்லை. பிறகு நோன்பு மாதம் வந்தது, நோன்பில் தலாக் பேசுவது அழகல்ல. பெருநாள் வந்தது, பெருநாளில் யாரும் வழக்குப் பேசுவார்களா? இப்படியே பொனிரா என்னும் பொறுமையில்லாதவள், ஒரு நாளும் காத்திருக்காமல், வேலை மிகுதியால் மட்டுமே அங்கே போக முடியாமல், இன்னொரு வருஷத்தைக் கழித்தாள்.

பிறகு, அறுபத்தைந்தில், ராணுவம் சிவப்புக் கட்சிக்காரர்களை வேட்டையாடிய அந்த அக்டோபர் வந்தது.

அதைப் பற்றிச் சோலோவில் இன்றும் யாரும் முழு வாக்கியமாகப் பேசுவதில்லை. தெருவில் பல வீடுகளில் ஆள் குறைந்தது. எங்கே என்று கேட்டவர்கள் இல்லை. பொனிராவிடம் வாடிக்கையாகப் பதாகை வாங்கியவர்களில் பாதிப் பேர் திரும்பி வரவில்லை, அவர்கள் கொடுத்திருந்த வாசகங்களை அவள் அடுப்பில் எரித்துச் சமைத்தாள். துணி வியாபாரி மர்சுடியின் கிடங்கில் சிவப்புத் துணி மட்டும் மலைபோல் தேங்கி நின்றது. சிவப்பைத் தொட ஆளில்லை. அவர் அதை மூட்டை மூட்டையாக அண்டாவில் போட்டுக் கறுப்புச் சாயத்தில் முக்கி எடுத்தார். வெயிலில் காயும்போது அது கறுப்பாகவும் இல்லை, சிவப்பாகவும் இல்லை, காய்ந்த ரத்தம்போல இருந்தது. அதையும் வாங்க ஆளில்லை.

ஜத்மிகோவின் கடிதங்கள் நின்றன. அந்தப் பக்கத்திலிருந்து தபால் வருவதே தப்பாகிவிட்டது.

சில மாதங்களில் புதிய மாணவர்கள் வந்து புதிய வாசகங்களைக் கொடுத்தார்கள். இப்போது ஒழிய வேண்டியவர்கள் வேறு ஆட்கள், ஒழிக என்ற சொல் மட்டும் பழையதுதான். பழைய துணியைத் திருப்பிப் போட்டு மறுபக்கத்தில் எழுதலாமா என்று பொனிரா கேட்டாள். அவர்கள் பயந்துபோய் வேண்டாம் என்றார்கள்.

அறுபத்தாறு மார்ச்சில் ஆறு கரையை உடைத்துக்கொண்டு ஊருக்குள் வந்தது. கூரை அளவுக்குத் தண்ணீர். தெருவில் ஆளாளுக்கு மேட்டுக்கு ஓடினார்கள். பொனிராவின் கடைப் பின்கட்டில் எந்தக் கட்சிக்கு எழுதியது, யாரை வைதது என்ற பேதமில்லாமல் வருஷக்கணக்கில் கிடந்த மிச்சத் துணிகளெல்லாம் வெளியே வந்து, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, ஒரே திசையில் அமைதியாக மிதந்து போயின. உலகத்தில் எந்த மாநாட்டாலும் செய்ய முடியாத காரியம் அது.

பொனிரா மட்டும் ஓட்டுக்கூரை மேல் உட்கார்ந்துகொண்டு, படகுக்காரர்கள் கூப்பிட்டும் இறங்க மறுத்தாள். தையல் மிஷினைத் திருடிவிடுவார்கள் என்று காரணம் சொன்னாள். மிஷின் தண்ணீருக்கடியில் இருந்தது. மீன்களா திருடும் என்று படகுக்காரன் கேட்டான்.

வெள்ளம் வடிந்த பிறகு கினா சேறு வழித்தபடி சொன்னாள். “என் தங்கச்சி வீடு மேட்டுல இருக்கு. அங்கே வந்துடு. கடையையும் அங்கே வச்சுக்கலாம்.”

“அதெப்படி முடியும், யூ? அந்த மனுஷனுக்கு இந்தத் தெருவே மூணு தடவை வழி கேட்டாத்தான் தெரியும்,” என்றாள் பொனிரா. பிறகு தான் என்ன சொன்னோம் என்று கேட்டுக்கொண்டவள்போல, “வாடிக்கைக்காரங்களைச் சொல்றேன்,” என்றாள்.

“நான் ஒண்ணும் கேக்கலையே,” என்றாள் கினா.

அந்த வாரமே பொனிரா நயிப் முக்சினிடம் போனாள். இந்தத் தடவை நிச்சயம். பள்ளிவாசல் முற்றம் முழுக்கக் கயிறு கட்டி, நனைந்த கல்யாணப் பத்திரங்களை நயிப் உலரப் போட்டிருந்தார். காற்றில் சோலோவின் தம்பதிகளெல்லாம் படபடத்துக்கொண்டிருந்தார்கள்.

“உன்னோடது அந்த மூலைக் கயிறு,” என்று காட்டினார் நயிப். “இன்னும் காயலை, மகளே. ஈரக் கல்யாணத்தை எப்படி முறிக்கறது? கிழிஞ்சுதான் போகும்.”

பொனிரா அந்த மூலைக்குப் போய், தன் பத்திரத்தைப் பார்த்தாள். ஓரம் மடங்கியிருந்தது. அதை நீவி, வெயில் படும் பக்கமாகத் திருப்பிப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அடுத்த வருஷம் ஜத்மிகோவுடன் படித்த ஒருவன் மாஸ்கோவிலிருந்து ஊர் திரும்பினான். தொப்பை போட்டிருந்தான். பொனிரா கேட்கும் முன்பே, “எனக்கு ஒண்ணும் தெரியாது,” என்றான். தேங்காய்ப்பால் சோறு இரண்டு இலை உள்ளே போன பிறகு கொஞ்சம் தெரிந்தது.

“தூதரகத்துல எங்க எல்லாரையும் கூப்பிட்டாங்க, அக்கா. புது அரசாங்கத்துக்கு விசுவாசம்னு ஒரு காகிதம். கையெழுத்துப் போட்டா பாஸ்போர்ட், இல்லாட்டி இல்ல. நான் ரெண்டு நிமிஷத்துல போட்டேன். அவன் முழுசாப் படிச்சுட்டுத்தான் போடுவேன்னான்.”

“படிச்சாரா?”

“படிச்சான். பழைய தலைவரைத் திட்டி ஒரு வரி இருந்துது. அங்கே நின்னுட்டான். அந்தாளு குடுத்த பணத்துலதானே படிக்கறோம், இதை நான் யோசிக்கணும்னான். யோசிக்கறதுக்குள்ள கதவைச் சாத்திட்டாங்க. இப்ப அவனுக்கு நாடே கிடையாது. ஏதோ பாலம் கட்டற இடத்துல வேலை பாக்கறதா கேள்வி. ரொம்பக் குளிரான இடம்.”

“ரெண்டு நிமிஷத்துல நீங்க போட்டதுல என்ன எழுதியிருந்துது?” என்று கேட்டாள் பொனிரா.

அவன் இலையை மடித்தான். “நான் படிக்கலை.”

அன்று பூராவும் அவள் ஜத்மிகோவை வைதாள். உலகமே கையெழுத்துப் போடும்போது இவருக்கு என்ன வாசிப்பு? ஒரு டீ குடிக்க அரை நாள் எடுத்துக்கொள்கிறவரைப் பரதேசத்துக்கு அனுப்பினால் இப்படித்தான். ஆவி போகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருப்பார், யூ. அப்படி என்னதான் தெரியும் அதில்? அந்தக் குளிரில் டீயிலிருந்து ஆவி எவ்வளவு நேரம் வரும்? அங்கே தட்டு உண்டா? கிளாஸில்தான் குடிப்பார்களாம், இவர் தட்டு கேட்டு நிற்பார், எல்லாரும் சிரிப்பார்கள்.

கினா பாத்திரங்களைக் கவிழ்த்து வைத்தாள். “நீ திட்டறதைக் கேட்டா, அவர் இப்பத்தான் சந்தை வரைக்கும் போயிருக்கார்போல இருக்கு, பொனிரா.”

எழுபத்தொன்றில் தேர்தல் வந்தது. பதாகைத் தொழில் மறுபடி செழித்தது. ஆனால் இப்போது பதாகை எழுதுகிறவர்களுக்குச் சுத்தச் சான்று வேண்டும் என்று புதிய ஏற்பாடு. சொந்தத்தில், சுற்றத்தில், தூரத்து உறவில்கூட ஒருவரும் தவறான பக்கத்தில் நிற்கவில்லை என்று வார்டு அதிகாரி எழுதித் தர வேண்டும். பொனிராவின் கணவன் நிற்கும் பக்கமோ உலகப் படத்திலேயே சிவப்பாக அச்சடித்திருந்தது.

அதிகாரி நல்ல மனிதர். மரியாதைக்காரர். உட்காரச் சொல்லி, டீ கொடுத்துத்தான் சொன்னார். “ஒண்ணும் பெரிசில்லம்மா. அந்தாளு உங்களை விட்டுட்டுப் போய் எத்தனை வருஷமாச்சு? நயிப்கிட்டப் போய் சம்மதமில்லைன்னு ஒரு வார்த்தை. அவர் குடுக்கற காகிதத்தைக் கொண்டாந்தா நான் இந்தக் காகிதத்தைக் குடுத்துடறேன். இல்லேன்னா பாருங்க, கடைப் பலகையை நானே வந்து கழட்ட வேண்டியிருக்கும். எனக்கே சங்கடமா இருக்கும்.”

அவருக்குச் சங்கடம் தரக்கூடாது என்று பொனிராவும் நினைத்தாள்.

இன்னொரு பக்கம் மர்சுடி. மனைவியை இழந்து சில வருஷங்களாகியிருந்தன. வாழ்நாள் முழுக்கத் துணியை அளந்து கிழித்த வேகத்தில் பேச்சையும் கிழித்துக் கொடுப்பவர். பொனிராவை ஜெங் என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவார், ஆனால் அவள் வாயைத் திறந்தால் வாக்கியத்தை அவர் முடித்து வைப்பார். பெரும்பாலும் சரியாகவே முடிப்பார்.

“ஜெங் பொனிரா, நான் சுத்தி வளைக்கல. என் வீட்டுக்கு வெள்ளம் வராது. மாடி இருக்கு. எனக்குக் குறட்டை உண்டு, ஆனா மாடியில ரெண்டு ரூம். என் சொந்தக்காரங்க எல்லாரும் சுத்தம், அவங்களுக்கு அரசியல் பண்ற அளவுக்குப் புத்தி கிடையாது. நீங்க பதில்…”

“யோசிச்சு…”

“யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லப்போறீங்க. யோசிங்க. வியாழக்கிழமை போதுமா?”

போதும் என்றாள். எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். பொனிராவுக்கும் அவரைப் பிடித்திருந்தது, அதில் பொய்யில்லை. அவரோடு இருந்தால் சிரிப்பு வந்தது, நேரம் போவதே தெரியவில்லை. அவர் டீயை ஒரே மடக்கில் விழுங்கிவிட்டு டம்ளரைக் கவிழ்ப்பார். அவர் போன பிறகு அந்த டம்ளரை அவள் சில சமயம் வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பாள். அதில் பார்க்க ஒன்றும் இருக்காது.

வியாழக்கிழமை மர்சுடியே பெச்சா என்னும் சைக்கிள் ரிக்‌ஷா கொண்டுவந்து, நயிப் ஆபீஸ் வரைக்கும் கூட வந்தார். உள்ளே வருவது முறையல்ல என்று வெளியே மரத்தடியில் நின்றுகொண்டார்.

நயிப் முக்சினுக்கு வயதாகியிருந்தது. கண்ணாடி தடித்திருந்தது. பொனிராவைப் பார்த்ததும் அவர் எழுந்து நிற்கப் பார்த்து, முழங்கால் மறுத்துவிட்டதால் உட்கார்ந்தபடியே வரவேற்றார்.

“வா மகளே. கொஞ்சம் தாமதம்.”

“வேலை இருந்துது, பாக் நயிப்.”

“இருக்கும், இருக்கும். வருஷா வருஷம் அந்தத் தேதியில வாசலைப் பெருக்குவேன். எங்க வீட்டுக்காரி, யாரு வர்றாங்கன்னு கேப்பா. காத்திருக்கத் தெரியாத ஒருத்தி வருவான்னு சொல்லுவேன். இப்ப அவளுமில்ல கேக்கறதுக்கு.” அவர் பேனாவைத் தொட்டு எடுத்தார். “சரி. வார்டுலேருந்து சொல்லியனுப்பினாங்க. எல்லாம் எழுதி வச்சிருக்கேன். நான் கேக்க வேண்டியது ஒரே கேள்விதான், அதை நான் கேட்டாகணும், நீ உன் வாயால சொல்லணும்.”

“கேளுங்க.”

“உன் புருஷன் ஜத்மிகோ, உன்னை ரெண்டு வருஷத்துக்கு மேல விட்டுட்டுப் போயிருக்கார். அது உனக்குச் சம்மதமா, சம்மதமில்லையா?”

பதில் வீட்டிலிருந்தே தயாராக வந்திருந்தது. வண்டியில் வரும்போது மர்சுடியின் பேச்சுக்கு நடுவே அதை அவள் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டும் வந்தாள். ஒரு சொல். சொல்லிவிட்டால் கடை இருக்கும், பலகை இருக்கும், வெள்ளம் வராத மாடி இருக்கும், சிரிப்பு இருக்கும்.

வெளியே பெச்சாக்காரன் மணியை ஒரு தடவை அடித்துப் பார்த்தான். நயிப் காது கேட்கவில்லையோ என்று தன் காதைத்தான் சந்தேகப்பட்டு முன்னால் குனிந்தார். பொனிரா, தன் வாழ்நாளில் ஒரு கேள்விக்கும் அடுத்த மூச்சுவரை பதிலைத் தள்ளிப்போட்டிராதவள், மேஜை மேல் விரிந்திருந்த அந்தக் காகிதத்தை மேலிருந்து ஒவ்வொரு வரியாகப் படிக்க ஆரம்பித்தாள். அது அவள் கல்யாணத்தில் படிக்கப்பட்ட அதே வாக்குறுதி. அன்று அவள் அதைக் கேட்கவே இல்லை, அவன் எப்போது முடிப்பான் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி வரி வரைக்கும் போனாள். பிறகு நிமிர்ந்தாள்.

“சம்மதம்தான்,” என்றாள்.

நயிப் பேனாவைக் கீழே வைத்தார். “சம்மதமில்லைன்னு சொல்லணும், மகளே.”

“தெரியும், பாக் நயிப். எனக்குச் சம்மதம்.”

“அப்போ தலாக் விழாது.”

“விழ வேண்டாம்.”

“இங்க பாரு. இன்னிக்குச் சம்மதம்னு நான் எழுதிட்டா, நாளைக்கு மனசு மாறி வந்தாலும் இந்தக் கதவு சுலபமாத் திறக்காது. அவர் வருவாரா மாட்டாரான்னு எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. நாடே இல்லாத மனுஷன். ஆண்டவன் சாட்சியாக் கேக்கறேன், எழுதட்டுமா?”

“எழுதுங்க.”

அவர் எழுதினார். கண்ணாடியைத் தூக்கித் தூக்கிவிட்டுக்கொண்டு எழுதியதால் நேரமாயிற்று. பொனிரா அவசரப்படுத்தவில்லை. எழுதி முடித்து மை உலர்வதற்காக அவர் ஊதப்போனபோது, “ஊத வேண்டாம், தானாக் காயட்டும்,” என்றாள்.

வெளியே மர்சுடி மரத்தடியிலிருந்து முன்னால் வந்தார். “முடிஞ்சுதா? முடிஞ்சுது. முகத்தைப் பாத்தாலே தெரியுது. அப்போ நாளைக்கே வார்டுக்குப் போய்…”

“சம்மதம்னு சொல்லிட்டேன்,” என்றாள் பொனிரா.

அந்த வாக்கியத்தை மட்டும் அவரால் முடித்து வைக்க முடியவில்லை. தொப்பியைக் கழற்றி உள்பக்கத்தைப் பார்த்தார், மறுபடி போட்டுக்கொண்டார். நல்ல மனிதர், கோபப்படத் தெரியவில்லை.

“பலகையைக் கழட்டிடுவாங்களே, ஜெங்.”

“கழட்டட்டும். தலையணை உறை தைப்பேன். தலையணைக்கு யாரும் சான்று கேக்க மாட்டாங்க. துணி மட்டும் நீங்க குடுக்கணும். அந்தக் கறுப்புச் சிவப்பு இன்னும் இருந்தா அதையே குடுங்க, விலையைக் குறைச்சு.”

“இருக்கு. நிறைய இருக்கு.” அவர் வண்டியில் அவளுக்கு இடம் விட்டு ஒதுங்கினார். அவள் ஏறி உட்கார்ந்தாள். வண்டி நகரப்போகும்போது அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டார். வியாபாரியின் பழக்கம், தேதி தெரியாமல் எதையும் விட முடியாது.

“எப்போதான் வருவார்?” என்று கேட்டார்.

“தெரியலைங்க,” என்றாள் பொனிரா.